ஆயருக்கு மாற்றல் வந்தால்? சென்னையில் ஒரு சபையைத் தேடியபோது

மகளுக்குப் பதின்மூன்று வயது. பெங்களூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்த சில வாரங்களிலேயே, திடப்படுத்தலா உறுதிபூசுதலா என்று என் அம்மாவும் மாமியாரும் தனித்தனியே தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் தூத்துக்குடிக் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்ததும் தன் நம்பிக்கையை உறுதிசெய்யும் சடங்கு எங்கள் பக்கம் திடப்படுத்தல், அவர் பக்கம் உறுதிபூசுதல். இரண்டு பாட்டிகளுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்குள் வேறொரு கேள்வி இருந்தது. என் சித்தி மகன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, கிறிஸ்துமஸ் காலையில் என் பக்கத்தில் பயமில்லாமல் உட்காரக்கூடிய கோயில் இந்த ஊரில் எது?

தம்பி தன்பாலீர்ப்பு உடையவன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வியாழக்கிழமை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பு வந்தது. வயதுவந்த ஒருபாலினர் மனமொத்து உறவுகொள்வது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவன் எனக்குத் தொலைபேசியில் அழுதான். அடுத்த ஞாயிறு, அவன் சிறுவயதிலிருந்து பாடகர் குழுவில் பாடிவந்த கோயிலில், அந்தத் தீர்ப்பை, பாவத்துக்காக அழிக்கப்பட்டதாக வேதாகமம் சொல்லும் சோதோம் நகரின் அழிவோடு சேர்த்துப் பிரசங்கித்தார்கள். பாடகர் வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். கடைசிப் பாட்டையும் பாடி முடித்தான். அன்றோடு சரி. கல்யாணம், அடக்க ஆராதனை தவிர வேறு எதற்கும் கோயிலுக்குள் வருவதில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது இன்றைக்கும் அவன் வாயில் கீர்த்தனைதான் வருகிறது.

ஏறத்தாழ எட்டு மாதங்கள், ஞாயிறுதோறும் ஒவ்வோர் இடமாகப் போனோம். எங்களைப் போலத் தேடிக்கொண்டிருக்கும் சிலராவது இருப்பார்கள் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன். நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பெண்கள் பீடத்தில் நிற்க வேண்டும், சாதி வாசலோடு நின்றுவிட வேண்டும், விவாகரத்தானவளைப் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது, தம்பியைப் போன்றவர்களைக் 'குணமாக்க' முயலக் கூடாது என்பவை என் எதிர்பார்ப்புகள். இவை அனைத்தையும் எழுத்தில் தரும் பெரிய சபை எதையும் நான் சென்னையில் காணவில்லை. ஆகவே எங்கே எது குறைகிறது, அந்தக் குறை மாறக்கூடியதா என்பதைத்தான் ஒப்பிட முடிந்தது.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்ததால் கத்தோலிக்கப் பங்கில் (உள்ளூர்க் கோயில் சமூகத்தில்) தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பெருங்கூட்டம். அந்தக் கூட்டமே ஒருவகைப் புகலிடம். கடைசித் தூணுக்கு அருகே நிற்பவரிடம் யாரும் ஊர், பேர், குடும்பம் விசாரிப்பதில்லை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களில் கிறிஸ்தவர் எவர், அல்லாதவர் எவர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மனம் நொந்து ஒதுங்கியிருக்கும் ஒருவருக்குத் திரும்பிவர இதைவிட எளிய வாசல் கிடையாது என்றே நினைக்கிறேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில் "தீர்ப்பிட நான் யார்?" என்று கேட்டது என் தம்பிக்கு மனப்பாடம். 2023 டிசம்பர் 18ஆம் தேதி வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், ஒருபால் இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது. வழிபாட்டுச் சடங்காக இருக்கக் கூடாது, திருமணம்போலத் தோன்றவும் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்கிறது. இந்த ஈர்ப்பை ஒழுங்கு தவறியது என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒருசேர நம்பச் சொன்னால் தம்பி எதை நம்புவான்?

பெண்கள் விஷயத்தில் கதவு திறந்தும் மூடியும் இருக்கிறது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகள் முறைப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டன. எங்கள் பங்கில் மறைநூலை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் குருத்துவத்தைப் பெண்களுக்கு வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் ஜான் பால் எழுதிவிட்டார். மகள் இதைத் தன் அப்பாவிடம் கேட்டாள். அவர் சுற்றி வளைக்காமல், "முடியாது, கண்ணு" என்றார். அவள் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு வலித்தது.

எனக்கென்றும் ஒரு வலி உண்டு. பதினைந்து ஆண்டுகளாக கணவர் நற்கருணை அப்பம் பெறும் வரிசையில் நிற்கும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கலப்புத் திருமணத்தில் வந்த கத்தோலிக்கரல்லாத துணைக்கு அங்கே நற்கருணை இல்லை. விதி தெரிந்துதான் திருமணம் செய்துகொண்டேன். தெரிந்திருப்பதால் வலி குறைந்துவிடவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பங்குத்தந்தையைச் சந்தித்தபோது மனம் இளகிவிட்டது. தம்பியைப் பற்றிச் சொன்னோம். "கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து காபி குடிப்போம். பேசுவதற்கு என்ன இருக்கிறதோ அதை அவரே சொல்லட்டும்" என்றார். அன்றே தம்பியை அழைத்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல சாமியார்தான் அக்கா. அவருக்கு மாற்றல் வந்தால்?" என்றான்.

அதன்பிறகு எங்கே போனாலும் இந்தக் கேள்வி என்னோடு வந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் பீடத்தில் நிற்பவரின் முகத்தை. அவர் போன பிறகும் அந்த வரவேற்பு நிற்குமா, அதைக் காப்பாற்ற அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை. கத்தோலிக்கப் பங்கில் பங்குப் பேரவை உண்டு. ஆனால் திருச்சபைச் சட்டப்படி அதற்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே. அடுத்து வருபவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பது கத்தோலிக்க ஆயர் (பிஷப்) இல்லத்தில் முடிவாகும். பங்கு மக்கள் ஜெபிக்கலாம்.

இரண்டாவதாகப் பார்த்தது பெந்தெகொஸ்தே சபைகள். இவற்றைப் பற்றி முற்போக்கானவர்கள் எழுதும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உடன்பாடில்லை. நாங்கள் மூன்று வாரம் போன ஒரு சிறிய சுயாதீனச் சபையில், நான்காவது வாரம் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு இரண்டு அக்காமார் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து, துணிகளை மடித்துவைத்துவிட்டுப் போனார்கள். பிற சபைகளில் கடைசி வரிசையில் உட்காரும் வீட்டுவேலை செய்யும் பெண்கள் இங்கே எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள், உரத்த குரலில் ஜெபிக்கிறார்கள். எங்கள் பெரிய கோயில்களில் அவர்கள் குரலை நான் கேட்டதே இல்லை.

ஆனால் தம்பியின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். இந்தப் பாஸ்டருக்கு மாற்றலே கிடையாது. சபையைத் தொடங்கியவர் அவர், கட்டடமும் அவர் பெயரில். அவர் ஏற்றுக்கொண்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். ஏற்காவிட்டால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. அவர் அன்பானவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்காக உபவாசமிருந்து விடுதலை ஜெபம் செய்வோம் அம்மா" என்றார். எதிலிருந்து விடுதலை? 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது. அந்த உத்தரவு மருத்துவர்களை நோக்கியது. பதினேழு வயதில் மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு அது உதவாது. தம்பி அப்படி உட்கார்ந்திருக்கிறான். நான்தான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அது நல்லது என்று நம்பினேன்.

இன்னொன்று, பெந்தெகொஸ்தே சபையில் சேர வேண்டுமானால் எங்கள் மூவருக்கும் முழுக்கு ஞானஸ்நானம் மறுபடியும் கொடுப்பார்கள். குழந்தைப் பருவத்தில் பெற்றதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். அவர் கையில் ஏந்தி நின்ற அந்த நாளை வெறும் தண்ணீர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் அநீதி. பிரசங்கத்தில் பழமை பேசும் சபைகளெல்லாம் மனிதர்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று முடிவுகட்டிவிட முடியாது. திருநங்கை ஒருவரைப் போதகராக ஏற்று, செங்கல்பட்டுப் பக்கம் ஊழியத்தில் அமர்த்தியது ஈசிஐ என்னும் இவாஞ்சலிக்கல் சபை. முற்போக்கு என்று பெயர் வாங்கிய சபைகள் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் ஒருவரின் தலையில் கைவைத்து அனுப்பிவிட்டார்கள்.

இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) பெண் அதிகாரிகள், அதாவது போதகர்கள், தொடக்க காலத்திலிருந்தே ஆண்களுக்குச் சமமாகப் பிரசங்கிக்கிறார்கள். ஆனால் அங்கே ஞானஸ்நானமும் திருவிருந்தும் (நற்கருணை) கிடையாது. எனக்கு அது இயலாது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் பெண் ஆயர்கள் இருக்கிறார்கள் (புராட்டஸ்டண்ட் சபைகளில் ஆயர் என்றால் போதகர்). நாங்கள் தாம்பரம் தாண்டி இருக்கிறோம்; நாங்கள் விசாரித்துவைத்த லுத்தரன் கோயில் புரசைவாக்கத்தில். ஞாயிறு காலை ஒன்றரை மணிநேரம் பயணம் செய்து போகும் சபையில் ஒருநாளும் வேர்பிடிக்க முடியாது.

தம்பி தேர்ந்தெடுத்திருந்த வழி வேறு. அமெரிக்காவில் 1968இல் பால்புதுமையினருக்காகவே (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) தொடங்கிய மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச், 1988 முதல் பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஊழியத்துக்கு மறுப்பதில்லை என்று முடிவெடுத்த கனடாவின் யுனைட்டெட் சர்ச் ஆகியவற்றின் ஆராதனைகளை இணையத்தில் பார்ப்பான். மாதம் ஒருமுறை நண்பர்கள் ஆறேழு பேர் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒளிவுமறைவில்லாத ஜெபத்தை வேறெங்கும் அந்த அளவுக்குக் கேட்டதில்லை. ஒருவர் தன் துணையின் பெயரைச் சொல்லி, அவருடைய அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக வேண்டிக்கொண்டார். எந்தக் கோயிலில் அவர் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல முடியும்?

மாற்றல் பயமும் இங்கே இல்லை. ஆனால் அந்த ஆறேழு பேரில் இருவர் வேலைக்காக ஊர் மாறினால் கூட்டமே நின்றுவிடும். பிறகு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், சாவு. நம்மிடையே சபை அங்கத்தினர் என்பதற்குக் கல்லறையில் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு. இழவு வீட்டில் சபையிலிருந்து கடிதம் வாங்க அலைந்தவர்களுக்கு இது தெரியும். கனடாவின் ஆயர் இணையத்தில் ஆசி கூறலாம். கீழ்ப்பாக்கம் கல்லறையில் வந்து மண் அள்ளிப் போட முடியாது.

கடைசியாக என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். சொந்த வீடு என்பதால் சிஎஸ்ஐயின் அழுக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊர்?" தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் உட்பொருள் தெரியும். ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். என் ஊரைச் சொன்னதும் ஒரு முகம் மலர்ந்தது, ஒரு முகம் சுருங்கியது. 1833இலேயே ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து உடனடியாகவும் அடியோடும் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்களே தவிரச் சாதியை விடவில்லை. கத்தோலிக்கர் நிலையும் இதுதான். 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டது கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முடிந்தது. தலித் ஒருவர் கர்தினால் ஆவதற்கு 2022 வரை, ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மேலிருந்து வரும் உத்தரவு பெஞ்சில் இருப்பவரின் மனத்தைத் தொடாது என்பதை வில்சன் காலம் எனக்குக் கற்றுத்தந்தது. நல்ல விதி மட்டும் போதும் என்று நான் வாதாடவில்லை.

ஊர் கேட்கும் வழக்கம் ஆங்கில ஆராதனையில் குறைவு. பல மாநிலத்தவர் கூடும் இடம் என்பதால் ஊரைச் சொன்னாலும் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. சாதித் தொல்லையிலிருந்து தப்ப நினைப்பவர்கள் ஆங்கில ஆராதனைக்குப் போவதை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்கோ ஜெபம் தமிழில்தான் வருகிறது.

சபைத் தேர்தல்களில் நடக்கும் சாதி அணிகள், பணம், நீதிமன்ற வழக்குகள் பற்றிச் செய்தித்தாள் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபால் திருமணத்தைச் சிஎஸ்ஐ நடத்துவதில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டதால் நாட்டின் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

பிறகு ஏன் அங்கே நின்றேன்? 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இந்தத் திருச்சபை பிறந்தபோது, பேராயர்களை (பிஷப்புகளை) உடைய ஆங்கிலிக்கன் மரபோடு மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும் கலந்தன. அதனால் பேராயரும் உண்டு, வாக்குச்சீட்டும் உண்டு. சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை; அதன் கமிட்டியை அங்கத்தினர் தேர்ந்தெடுக்கிறோம். பேராய மன்றத்திலும், திருச்சபையின் உச்ச மன்றமான சினாடிலும், ஆயரல்லாத சாதாரண அங்கத்தினருக்கும் வாக்கு இருக்கிறது. பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் வந்தது இப்படிப்பட்ட மன்றங்களில் பேசிப் பேசித்தான். 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்றபோது, என் பாட்டி காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது நடந்தது. மாற்றல் வரும், ஆயர் போவார். ஆனால் வரவேற்பைக் காக்க எனக்கு ஒரு கை இருக்கிறது. அதே வாக்குரிமையால் பெரும்பான்மையினர் கதவைச் சாத்தவும் முடியும் என்பது எனக்குத் தெரியும். சாத்த வருபவரோடு அதே அறையில் உட்கார்ந்து வாதாடலாம் என்பதே எனக்குப் பெரிது.

முடிவை எளிதாக்கியது ஒரு பிரசங்கம். மூன்று சிஎஸ்ஐ கோயில்களைப் பார்த்த பிறகு போன ஒரு நடுத்தரச் சேகரம். ஆயர் ஒரு பெண். அன்றைய பாடம் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம், இயேசுவை அறிவித்துவந்த பிலிப்பு வனாந்தரப் பாதையில் எத்தியோப்பியனைச் சந்திப்பது. நாம் படித்து வளர்ந்த பழைய தமிழ் வேதாகமத்தில் அவன் 'மந்திரி'. ஆயரம்மா வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் அண்ணகரை, அதாவது விதையடிக்கப்பட்டவரை, குறிக்கிறது என்றார். விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் சொல்லியிருக்க, ஞானஸ்நானம் பெற எனக்குத் தடையென்ன என்று கேட்டவன் அப்படிப்பட்ட ஒருவன், பிலிப்பு ஒரு தடையும் சொல்லாமல் தண்ணீரில் இறங்கினான் என்றார். "நம் மொழிபெயர்ப்பு அவரை நம்மிடமிருந்து மறைத்துவிட்டது. இன்று நம் தெருவில் அவரை நாம் மறைக்கிறோமா?" இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக அந்த வசனத்தை நான் கேட்டேன்.

பின்பு சமாதானம் பகிர்ந்தோம். 1950இல் வெளிவந்த சிஎஸ்ஐ நற்கருணை முறையின் அழகே அதுதான். கூப்பிய கைகளை அடுத்தவரின் கைகளுக்குள் வைத்து, பந்தியிலிருந்து வந்த சமாதானத்தைக் கடைசி பெஞ்சு வரை கைமாற்றுவது. என் மகளுக்கு அதைக் கொடுத்தவர் சேலை கட்டிய ஒரு திருநங்கை. அவள் திரும்பி எனக்குக் கொடுத்தாள்.

அங்கேதான் சேர்ந்திருக்கிறேன். கணவர் சேரவில்லை, சேரச் சொல்லவும் மாட்டேன். விடியற்காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு, எட்டரை மணிக்கு எங்களோடு வந்து உட்காருகிறார். இப்போது திருவிருந்து நேரத்தில் பெஞ்சில் இருப்பவர் அவர். முதல் ஞாயிறு அது எனக்குத் தாங்கவில்லை. மகள் இரண்டு வகுப்புகளுக்கும் போகிறாள். எந்தப் பக்கம் என்று அவளே சொல்லட்டும் எனப் பாட்டிகளிடம் சொல்லிவிட்டோம். இருவருமே வருத்தத்தில் இருக்கிறார்கள்.

தம்பி கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு வந்தபோது மேல்ஸ்தாயியில் அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. வெளியே வந்ததும் பழைய கேள்வியையே கேட்டான்: "இந்த ஆயரம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் இங்கே?"

"தெரியாது" என்றேன். அறிவிப்புப் பலகைக்கு அழைத்துப்போய்ச் சேகரக் கமிட்டித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைக் காட்டினேன். என் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருந்தார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தான்.